ஒளியிலும் இடது கை, வலது கை! ஒரு கையை மட்டும் காட்டினால் நம்பலாமா?

மின்மினிப் பூச்சியைப் பார்க்காதவர்கள் இல்லை. மழைக் காலத்து இரவில், வேலி ஓரத்தில் மினுக் மினுக் என்று பறக்கும்.

அந்தப் பூச்சி, புழுவாக இருக்கும்போதே விளக்கு ஏற்றிக் கொள்கிறது. அமெரிக்காவில் உள்ள ஒரு வகை மின்மினியின் புழுவுக்கு இரண்டு விளக்குகள் உண்டு. உடம்பின் இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரிதான் எரிகின்றன. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால், ஒரு கருவிக்கு வித்தியாசம் தெரிந்தது!

1980-ம் ஆண்டில் "நேச்சர்" என்ற விஞ்ஞான இதழில் அந்தச் செய்தி வெளிவந்தது. இடது விளக்கின் ஒளி ஒரு பக்கமாக முறுக்கிக் கொண்டு வருகிறது. வலது விளக்கின் ஒளி அதற்கு எதிர்ப் பக்கமாக முறுக்கிக் கொண்டு வருகிறது!

கயிறும் ஒளியும்

ஒளி எப்படி முறுக்கும்?

துணி உலர்த்தும் கொடிக் கயிற்றின் ஒரு நுனியைத் தூணில் கட்டுங்கள். மறு நுனியைக் கையில் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். கயிற்றில் அலை ஓடும். அந்த அலை மேலும் கீழும்தான் ஆடும், பக்கவாட்டில் போகாது.

இப்போது கையை வட்டமாகச் சுற்றுங்கள். கயிறு திருகாணியின் மரை போலச் சுழன்று கொண்டு ஓடும். கையை இடப்பக்கம் சுற்றினால் ஒரு மாதிரி மரை. வலப்பக்கம் சுற்றினால் அதற்கு எதிரான மரை.

ஒளியும் அலைதான். அது நேர்கோட்டில் ஆடிக்கொண்டும் வரலாம். சுழன்று கொண்டும் வரலாம். சூரிய ஒளியிலும் விளக்கு ஒளியிலும் எல்லா வகையும் கலந்து கிடக்கின்றன.

சுழன்று வரும் ஒளிக்குக் கல்லூரிப் புத்தகத்தில் "வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளி" என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். "முறுக்கு ஒளி" என்று வைத்துக் கொண்டால் போதும். (தின்கிற முறுக்கும் அப்படிச் சுற்றுவதால்தான் அந்தப் பெயர் பெற்றது!)

மனிதக் கண் கவனிக்காத இந்த முறுக்கைக் கண்ணால் காணும் பிராணியும் உண்டு. கடலில் வாழும், இறால் போன்ற ஒரு பிராணிக்கு அந்தச் சக்தி இருப்பதை 2008-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டு பிடித்தார்கள். நமக்குத்தான் கருவி வேண்டியிருக்கிறது.

செருப்பு போன்ற பொருள்கள்

இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் ஒன்றா? அளவு ஒன்று, தோல் ஒன்று, தைத்தவரும் ஒருவரே. ஆனாலும் ஒன்றை மற்றொரு காலில் போட்டால் சேராது. கண்ணாடியில் பார்த்தால் இடது செருப்பு, வலது செருப்பாகத் தெரியும்.

பொருள்களின் மூலக்கூறுகளிலும் இப்படி ஜோடிகள் உண்டு. 1848-ம் ஆண்டில் லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, ஒரு உப்பின் படிகங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, இடது கைப் படிகம், வலது கைப் படிகம் என்று தம் கையாலேயே பிரித்து வைத்தார். இந்த ஆராய்ச்சியின் மூதாதை அவர்தான்.

அந்த மாதிரிப் பொருள் ஒளிரும்போது, அது வெளியிடும் ஒளியில் ஒரு பக்க முறுக்கு சற்றுக் கூடுதலாக இருக்கும். சற்று என்றால் எவ்வளவு? அதில்தான் எல்லாச் சங்கடமும் இருக்கிறது!

விஞ்ஞானிகள் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இடமுறுக்கு ஒளியில் இருந்து வலமுறுக்கு ஒளியைக் கழிக்க வேண்டும். மீதியை மொத்த ஒளியால் வகுத்து, இரண்டால் பெருக்க வேண்டும். ஒளி முழுவதும் இடமுறுக்கு என்றால் விடை 2. முழுவதும் வலமுறுக்கு என்றால் கழித்தல் 2. சரிசமமாகக் கலந்திருந்தால் பூஜ்யம்.

பெரும்பாலான சாதாரண ஒளிரும் பொருள்களுக்கு விடை 0.001-ஐ ஒட்டித்தான் வருகிறது. ஒளியைத் துளித் துளியாக எண்ணினால், 20,000 துளிகளில் 10,005 துளி ஒரு பக்கம். 9,995 துளி மறு பக்கம்.

பத்துத் துளி வித்தியாசம்! இதைக் கண்டு பிடிப்பதற்கு எவ்வளவு நுட்பமான கருவி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

நடுங்கும் கண்ணாடி

1948-ம் ஆண்டிலேயே சோவியத் விஞ்ஞானி சமோய்லோவ், யுரேனியம் கலந்த ஒரு படிகத்தைக் கடுங்குளிரில் வைத்து இந்த ஒளியைக் கண்டார். 1967-ம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் லைடன் நகரத்தில் எமெய்ஸ், ஊஸ்டர்ஹாஃப் என்ற இருவர், கரைசலில் உள்ள கரிமப் பொருளில் இருந்தே அதை அளந்து காட்டினார்கள். அதன் பிறகுதான் இந்த அளவை ஆராய்ச்சிக் கூடங்களுக்குள் நுழைந்தது.

இன்று பல ஆராய்ச்சிக் கூடங்களில் உள்ள கருவிக்கு உயிர்நாடி, ஒரு கண்ணாடித் துண்டு. அது சும்மா இருக்கும் கண்ணாடி அல்ல. விநாடிக்குச் சுமார் 50,000 தடவை நடுங்கும் கண்ணாடி!

கண்ணாடியை நெருக்கினால் அதன் குணம் மாறும். இதை ஸ்காட்லாந்து விஞ்ஞானி புரூஸ்டர் 200 ஆண்டுகளுக்கு முன்பே கண்டார். நெருக்கப்பட்ட கண்ணாடிக்குள், ஒரு திசையில் ஆடும் ஒளி வேகமாகப் போகும். மற்றத் திசையில் ஆடும் ஒளி பின்தங்கும். சரியான அளவுக்குப் பின்தங்க வைத்தால், முறுக்கு ஒளியின் முறுக்கு அவிழ்ந்து விடும். அது நேர்கோட்டில் ஆடும் ஒளியாகி வெளியே வரும்.

1960-களில் பாரிசில் பில்லார்டனும் படோசும், அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக் கழகத்தில் ஜேம்ஸ் கெம்பும் இதை வைத்து ஒரு யுக்தி செய்தார்கள். கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற குவார்ட்ஸ் படிகத்தைக் கண்ணாடியோடு ஒட்டினார்கள். மின்சாரம் கொடுத்தால் குவார்ட்ஸ் நடுங்கும். கூடவே கண்ணாடியும் நடுங்கும். ஒரு கணம் நெருங்கும். மறு கணம் விரியும்.

நெருங்கும்போது, இடமுறுக்கு ஒளி ஒரு சாய்வில் நேராகும். வலமுறுக்கு ஒளி அதற்குக் குறுக்கான சாய்வில் நேராகும். விரியும்போது இது தலைகீழாகும்.

கண்ணாடிக்கு அடுத்து ஒரு வடிகட்டி. ஒரே ஒரு சாய்வில் ஆடும் ஒளியைத்தான் அது உள்ளே விடும். ஆகவே, கண்ணாடி நெருங்கும்போது இடமுறுக்குக்குக் கதவு திறக்கும். விரியும்போது வலமுறுக்குக்குக் கதவு திறக்கும். பிறகு நிறங்களைப் பிரிக்கும் கருவி. கடைசியில் ஒளித் துளிகளை ஒவ்வொன்றாக உணரும் குழாய். கோயிலில் இரண்டு உண்டியல் வைத்தது போல, இடமுறுக்கு ஒரு கணக்கிலும், வலமுறுக்கு மற்றொரு கணக்கிலும் விழுகின்றன.

இதன் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது தெரியுமா? இரண்டு வகை ஒளியும் ஒரே வழியில் வருகின்றன. ஒரே குழாயில் விழுகின்றன. விளக்கு மங்கினால் இரண்டுக்கும் சேர்ந்தே மங்கும். யாருக்கும் ஓரவஞ்சனை கிடையாது.

இதே நடுங்கும் கண்ணாடியைக் கெம்ப் தொலைநோக்கியில் வைத்துப் பார்த்தார். 1970-ம் ஆண்டில், அவரும் கூட்டாளிகளும் வானத்தில் உள்ள ஒரு வெள்ளைக் குள்ள நட்சத்திரத்தின் ஒளி முறுக்கிக் கொண்டு வருவதைக் கண்டார்கள். அந்த நட்சத்திரத்தின் பயங்கரமான காந்த சக்திதான் அதற்குக் காரணம். புழுவின் விளக்கும் சரி, விண்மீனும் சரி. அளக்கும் வழி ஒன்றுதான்!

காசைச் சுண்டினால்...

எண்ணிக்கை விஷயத்தில் ஒரு கஷ்டம் உண்டு. ஒரு காசை 100 தடவை சுண்டினால், சரியாக 50 தலை, 50 பூ விழுவது அபூர்வம். நல்ல காசுதான், ஆனாலும் பத்து வித்தியாசம் சர்வ சாதாரணம். அது தற்செயல்.

ஒளித் துளிகளும் அப்படித்தான். 10 லட்சம் துளிகளை எண்ணினால், தற்செயலாகவே 1,000 துளி வித்தியாசம் வந்து விடும். 0.001 அளவுள்ள பொருளின் உண்மை வித்தியாசம் எவ்வளவு? 500 துளிதான்! பொய், மெய்யைவிட இரண்டு மடங்கு!

10 கோடித் துளிகளை எண்ணினால் நிலைமை மாறும். உண்மை வித்தியாசம் 50,000, தற்செயல் 10,000. இப்போது மெய் தலை தூக்கும். விநாடிக்கு 1 லட்சம் துளி வருகிறது என்று வைத்துக் கொண்டால், இதற்கு 1,000 விநாடி ஆகும். அதாவது சுமார் 17 நிமிஷம். அதுவும் ஒரே ஒரு நிறத்துக்கு! 50 நிறங்களில் அளக்க வேண்டுமானால் 14 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்ற தொழில் அல்ல இது.

வேலியே பயிரை மேய்ந்தால்?

பொறுமையாக எண்ணினாலும் போதாது. தற்செயலைக் காட்டிலும் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு எண்ணினாலும் குறையாது.

நடுங்கும் கண்ணாடி முறுக்கை அவிழ்க்கிறது என்று பார்த்தோம். அது முறுக்கை உண்டாக்கவும் செய்யும். நேர்கோட்டில் ஆடும் ஒளியை, நெருக்கப்பட்ட கண்ணாடிக்குள் விட்டால் முறுக்கு ஒளி வெளியே வரும். வழியில் உள்ள ஒரு லென்சைத் திருகாணி போட்டு இறுக்கிப் பிடித்திருந்தால் போதும். அந்த லென்சும் இந்த வேலையைச் செய்து விடும். கரைசல் வைத்திருக்கும் கண்ணாடிக் கிண்ணமும் செய்யும். அளக்க உதவுகிற கண்ணாடியே அளவைக் கெடுக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை!

நேர்கோட்டில் ஆடும் ஒளி எங்கிருந்து வருகிறது? பல வழிகளில் வரும். பொருளை ஒளிரச் செய்யும் விளக்கின் ஒளியே அப்படி இருக்கலாம். பொருள் மெல்லிய ஏடாகப் பூசப்பட்டிருந்தால், மூலக்கூறுகள் ஒரே திசையில் படுத்துக் கிடக்கலாம். அப்போது ஏடே பொய் முறுக்கை உண்டாக்கும். அந்த ஏட்டைத் திருப்பிப் போட்டு அளந்தால், இடமுறுக்கு வலமுறுக்காக மாறுவதும் உண்டு! உண்மையான இடது செருப்பு, கவிழ்த்துப் போட்டாலும் இடது செருப்புதானே?

இப்போது மின்மினிப் புழுவுக்குத் திரும்பி வருவோம். அதன் இரண்டு விளக்குகளிலும் ஒளி தரும் பொருள் லூசிபெரின். இரண்டு விளக்கிலும் அது ஒன்றுதான். அப்படியானால், முறுக்கு மட்டும் எப்படி எதிர் எதிராக இருக்கும்? லூசிபெரின் முறுக்கியிருந்தால் இரண்டு விளக்கும் ஒரே பக்கம்தான் முறுக்க வேண்டும். ஆகவே முறுக்கு லூசிபெரினில் பிறக்கவில்லை. புழுவின் உடம்பில் இடது பக்கமும் வலது பக்கமும் கண்ணாடி பிம்பம் போல அமைந்திருக்கின்றன. ஒளி அந்த உடம்பின் வழியாக வெளியேறும்போது முறுக்கு ஏறுகிறது.

விஞ்ஞானிகள் ஒரு விளக்கை மட்டும் அளந்து விட்டு எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "லூசிபெரின் முறுக்கு ஒளி தருகிறது" என்று உலகம் நம்பியிருக்கும். இரண்டு பக்கமும் அளந்ததால் உண்மை வெளிப்பட்டது.

இரண்டு கையையும் காட்டு!

இதில் இருந்து ஒரு நியாயமான கோரிக்கை எழுகிறது. புதிய பொருள் முறுக்கு ஒளி தருகிறது என்று சொல்லுகிறவர், அந்தப் பொருளின் இடது கை வகையையும் அளந்து காட்ட வேண்டும். வலது கை வகையையும் அளந்து காட்ட வேண்டும். இரண்டு கோடுகளும் தண்ணீரில் தெரியும் பிம்பம் போல, ஒன்று மேலும் ஒன்று கீழுமாகச் சம அளவில் வர வேண்டும். இரண்டையும் சரிபாதி கலந்தால் பூஜ்யம் வர வேண்டும். ஏடாக இருந்தால் திருப்பியும் சுழற்றியும் அளந்து காட்ட வேண்டும்.

நல்ல ஆராய்ச்சிக் கூடங்கள் இதைச் செய்து கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் எல்லோரும் செய்வதில்லை. ஒரு கையை மட்டும் காட்டி, மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக் கொள்ளும் கட்டுரைகளும் வருகின்றன. சந்தையில் ஒரு கால் செருப்பை மட்டும் காட்டினால் யாராவது காசு கொடுப்பார்களா? விஞ்ஞானத்தில் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

"இயற்கையில் கிடைக்கும் சில பொருள்கள் ஒரு கை வகையாகத்தான் கிடைக்கின்றன. மற்றக் கை வகையைச் செய்வதற்குப் பணமும் காலமும் ஏராளமாக ஆகும்" என்று சிலர் சொல்லலாம். இது உண்மைதான். அப்படிப்பட்டவர்கள், முறுக்கே இல்லாத ஒரு பொருளை அதே கருவியில், அதே கிண்ணத்தில் வைத்து அளந்து பூஜ்யம் வருகிறது என்று காட்டட்டும். முறுக்கு எவ்வளவு என்று முன்பே தெரிந்த பொருளையும் அளந்து காட்டட்டும். அதற்குச் செலவு அதிகம் இல்லை. மனம்தான் வேண்டும்.

இரண்டரைக் காசு லாபம்

இதில் வீண் பிடிவாதம் ஒன்றும் இல்லை. பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது.

கையில் உள்ள செல்போனைப் பாருங்கள். ஓலெட் என்னும் வகைத் திரையாக இருந்தால், அதன் மேல் ஒரு வடிகட்டி ஏடு ஒட்டியிருக்கிறது. வெளி வெளிச்சம் திரையில் பட்டுக் கண்ணைக் கூசாமல் தடுப்பது அதன் வேலை. ஆனால் அதற்கு ஒரு வாடகை கொடுக்க வேண்டும். திரையில் பிறக்கும் ஒளியில் சுமார் பாதியை அந்த ஏடு விழுங்கி விடுகிறது. மின்கலத்தின் சக்தி அதிலே வீணாகிறது.

திரையில் உள்ள பொருளே சரியான பக்கம் முறுக்கிய ஒளியைத் தந்தால், ஏட்டை அது தடையின்றிக் கடக்கும். ஆகவே முறுக்கு ஒளி தரும் பொருள்களைத் தேடிப் பல நாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது. நல்ல நோக்கம்தான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். முறுக்கு அளவு 0.001 உள்ள ஒரு பொருளைத் திரையில் வைத்தால், ஏட்டைக் கடந்து வரும் ஒளி 100-க்கு 50-ல் இருந்து 50.025 ஆக உயரும். நூறு ரூபாய் வியாபாரத்தில் இரண்டரைக் காசு லாபம்! இதை வைத்துக் கொண்டு "நாளைய செல்போன் திரை" என்று தலைப்புக் கொடுப்பது அநியாயம். அந்த இரண்டரைக் காசும் இறுக்கிப் பிடித்த லென்சு கொடுத்த பொய்க் காசாக இருந்தால்?

பெரிய முறுக்கு உள்ள பொருளே இல்லை என்று எண்ண வேண்டாம். 2008-ம் ஆண்டில், அமெரிக்காவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் பங்கு கொண்ட ஒரு குழு, யுரோப்பியம் என்ற உலோகம் கலந்த ஒரு பொருளில் 1.38 என்ற அளவைக் கண்டது. அந்த அளவுக்கு 100-க்கு 84.5 பங்கு ஒளி ஏட்டைக் கடக்கும். ஆனால் அது ஆரஞ்சு நிறத்தில் உள்ள ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான். அந்தப் பொருளின் பிரகாசமான கோடு அது அல்ல. ஒரு நிறத்தை வைத்துப் படம் காட்ட முடியாது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கேட்பவர் ஏமாற மாட்டார்.

பஞ்சரத்தினத்தின் தகடு

நடுங்கும் கண்ணாடி இல்லாமலும் முறுக்கை அவிழ்க்கலாம். "கால் அலைத் தகடு" என்று ஒரு தகடு உண்டு. முறுக்கு ஒளியை நேராக்குவது அதன் வேலை. சாதாரணத் தகடு ஒரே நிறத்துக்குத்தான் சரியாக வேலை செய்யும். மற்ற நிறங்களில் தவறு செய்யும்.

1955-ம் ஆண்டில், பெங்களூரில் உள்ள ராமன் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த எஸ். பஞ்சரத்தினம் என்ற இளைஞர், மூன்று தகடுகளைக் குறிப்பிட்ட கோணங்களில் அடுக்கினால், பல நிறங்களுக்கும் ஒரே தகடாகப் பயன்படும் என்று காட்டினார். சர் சி. வி. ராமனின் சகோதரி மகன் அவர். அப்போது அவருக்கு வயது 21! 1969-ம் ஆண்டில், 35-வது வயதில் இங்கிலாந்தில் காலமானார். அவர் காட்டிய வழி தொலைநோக்கிகளில் இன்றும் பயன்படுகிறது.

எல்லா நிறங்களையும் ஒரே சமயத்தில் அளக்க வேண்டுமானால், பல நிறத்துக்கும் பொருந்தும் தகடு கட்டாயம் தேவை. இங்கிலாந்தில் டர்ஹாம் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள், 2020-ம் ஆண்டில் அப்படி அளக்கும் கருவியை வெளியிட்டார்கள். பொருளில் இருந்து வரும் ஒளியை இரண்டு பாதையாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதை இடமுறுக்கை வாங்குகிறது. மற்றொன்று வலமுறுக்கை வாங்குகிறது. இரண்டையும் கேமரா போன்ற உணர்கருவிகள் அத்தனை நிறங்களோடும் ஒரே சமயத்தில் பதிவு செய்கின்றன. மணிக்கணக்கில் காத்திருந்த வேலை, விநாடிக் கணக்கில் முடிகிறது!

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. இரண்டு பாதை என்றால் இரண்டு கண் மாதிரி. ஒரு கண் சற்று மங்கலாக இருந்தால், இல்லாத முறுக்கு இருப்பது போலத் தெரியும். முறுக்கே இல்லாத ஒளியைக் காட்டி, இரண்டு கண்ணையும் முதலில் சமன் செய்ய வேண்டும்.

இதே பல்கலைக் கழகத்தார் 2021-ம் ஆண்டில் மற்றொரு யோசனை சொன்னார்கள். முறுக்கு ஒளி தரும் மையை முக்கியமான பத்திரங்களில் அச்சிட்டால், கள்ளத்தனத்தைக் கண்டு பிடிக்கலாம் என்பது அந்த யோசனை. கள்ளன் நிறத்தைக் காப்பி அடிக்கலாம். முறுக்கைக் காப்பி அடிப்பது கஷ்டம். 2022-ம் ஆண்டில் நுண்நோக்கியோடும் இந்த அளவையைச் சேர்த்து விட்டார்கள். ஒரு புள்ளியில் எந்தப் பக்க முறுக்கு, அடுத்த புள்ளியில் எந்தப் பக்க முறுக்கு என்று படமாகவே எடுக்கலாம்.

14 மணி நேரம் ஆகும் என்று இருந்த காலத்தில், "மற்றக் கையை அளக்க நேரம் இல்லை" என்று ஒருவர் சொன்னால், பாவம் என்று விட்டு விடலாம். இப்போது அந்தச் சாக்கு செல்லாது. கட்டுரையை அச்சிடும் விஞ்ஞான இதழ்களும், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் சர்க்கார்களும், "மற்றக் கை எங்கே?" என்று முதல் கேள்வியாகக் கேட்கட்டும்.